ஐம்பது பைசா சீட்டு

சுப்புவுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

அது சுப்புவுக்கே தெரியாது. பிப்ரவரிக் குளிரில், லாக்கப்பின் சிமெண்டுத் தரையில், கம்பளியைப் பாதி விரித்துப் பாதி போர்த்தி உட்கார்ந்திருந்தான் அவன். நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜம்பு. மலேசியாவிலிருந்து வந்த தம்பதி மாலை ஐந்து மணிக்குப் பாலம் விமான நிலையத்துக்குள் கால் வைத்துவிட்டால், அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மட்டும்தான் டில்லியில் தங்கும். காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

"ஆயுள் தண்டனையா சார்?" என்றாள் அமலி, லோதி ரோடு சர்க்கார் குடியிருப்பின் மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி.

"கயிறும் இருக்கு."

"அப்போ ஜல்தி ஏறுங்க. முதல்ல அந்த மங்கி கேப்பைக் கழட்டுங்க. கதவைத் திறந்தவுடனே கொள்ளைக்காரன்னு கத்திடப் போறாங்க."

ஜம்பு கழற்றினார். இருபது வருஷம் மத்திய சர்க்கார் ஆபீஸில் அடுத்தவர் எழுதிய ஃபைல்களைப் படித்துப் படித்து, எந்த வரியில் பொய் உட்கார்ந்திருக்கிறது என்று முகர்ந்தே சொல்லப் பழகியவர். வேலையை விட்டுவிட்டு, கரோல் பாக்கில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். அமலி அவருடைய உதவியாளர். டில்லியில் பிறந்து வளர்ந்த நர்ஸ். ஊசியைவிட அவள் வாய்தான் அதிகம் குத்துகிறது என்று வார்டில் புகார் வந்ததால் வேலையை உதறியவள். தமிழ் பேசினால் அருவி. படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

வழக்கு இதுதான். ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்த இரண்டு டீச்சர்கள், விசாலாக்ஷியும் ராஜமும். ஓய்வு பெற்ற கையோடு, ராஜத்தின் கணவர் பாலசுப்ரமணியத்தையும் சேர்த்துக்கொண்டு டில்லி பார்க்க வந்தார்கள். எல்.டி.சி. என்ற சர்க்கார் பயணச் சலுகையில் ஊருக்குப் போன ஓர் அதிகாரி தன் ஃப்ளாட்டின் சாவியைக் கொடுத்திருந்தார். ஊர் சுற்றிக் காட்ட ஜனக்புரியிலிருந்து சுப்பு வருவான். ஆபீஸ் டைப்பிஸ்ட், இந்த வழக்கை ஜம்புவிடம் கொண்டுவந்த ருக்மிணி மாமியின் ஒரே பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை, குதுப் மினாருக்குப் பின்னால் உள்ள புதர்க்காட்டில் ஆடு மேய்ப்பவன் ஒருவன், பாழடைந்த படிக்கிணற்றின் அடியில் விசாலாக்ஷியைப் பார்த்தான். கிணற்றில் தண்ணீர் இல்லை. அவள் உயிரோடும் இல்லை.

தம்பதியின் வாக்குமூலத்தில் எல்லாமே வெள்ளிக்கிழமை. அன்று காலை ராஜத்துக்குத் தலைவலி, கணவர் துணைக்கு இருந்தார். விசாலாக்ஷி மட்டும் சுப்புவோடு செங்கோட்டை போனாள். மதியம் வந்து சாப்பிட்டாள். வழக்கம்போல நுழைவுச் சீட்டைத் தன் பயண நோட்டில் ஒட்டினாள். மூன்று மணிக்கு, மறுபடி சுப்பு எங்கோ கூட்டிப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். திரும்பவில்லை. அந்த நேரத்தில் தம்பதி ஜனக்புரி தமிழ்ப் பள்ளி விழாவில், மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தவர்கள் ஐம்பது பேர்.

சுப்பு சொன்னது வேறு. வெள்ளிக்கிழமை லீவு போட்டான். காலை பத்து மணிக்குக் கோட்டை வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. பன்னிரண்டு வரை நின்றான். யாரும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கினான். அதற்குச் சாட்சி அவன் அம்மா. பெற்றவள் சாட்சியை எந்தக் கோர்ட் ஏறிட்டுப் பார்க்கும்?

"எனக்கு அந்தக் கட்டுதான் சார் இடிக்குது," என்றாள் அமலி. பிணவறையில் ஜம்புவோடு நின்று பார்த்தவள் அவள். "முறிஞ்ச காலுக்கு ரெண்டு பக்கமும் குச்சி வெச்சு, புடவைக் கிழிசலால கட்டியிருக்கு. ஒண்ணாம் நம்பர் கட்டு. கிணத்துல தள்ளுறவன் கட்டுப் போட்டுட்டா போவான்?"

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்றார்?"

"சுப்பு பயந்துபோய் கட்டுப் போட்டுட்டு, அப்புறம் ஓடிட்டானாம். சுப்புவுக்கு ஷூ லேஸே ஒழுங்காக் கட்டத் தெரியாது சார். லாக்கப்ல பார்த்தேனே."

ஜம்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது பாலசுப்ரமணியம். தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் கிராணியாக முப்பது வருஷம் ஆள் விரட்டிய உடம்பு. கழுத்தில் கேமரா தொங்கியது. உள்ளே மூன்று பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மூன்றாவது பெட்டியில் தடித்த எழுத்தில் விசாலாக்ஷியின் பெயர். ராஜம் அதன் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம்தான் எழுதிக் கொடுத்தாச்சே லா," என்றார் பாலசுப்ரமணியம். "இன்னும் என்னா?"

"இன்ஸ்பெக்டர் சௌத்ரி அனுப்பினார். ஒரே ஒரு வரி பாக்கி," என்றார் ஜம்பு பணிவாக. "அந்தம்மா கோட்டையில் என்னென்ன பார்த்ததா உங்ககிட்ட சொன்னாங்க என்று நீங்க இடத்தைக் காட்டினால் போதும். நீங்களும் செங்கோட்டையைப் பார்க்கவில்லையே? ஈப்போவிலிருந்து டில்லி வந்து அதைப் பார்க்காமல் போனால் ஊரில் சிரிக்க மாட்டாங்களா? பெட்டியை டாக்ஸியிலேயே போட்டுக்கலாம். அங்கிருந்து நேரே பாலம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால்கூட ஜம்பு அவ்வளவு கவனித்திருக்க மாட்டார்.

லோதி தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு மயில் கத்தியது. நீளமாக, தொண்டை கிழிய. ராஜத்தின் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"மயிலு," என்றார் பாலசுப்ரமணியம். யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னார். "வெறும் மயிலு."

அமலி டம்ளரை எடுத்து வைத்தாள். "ஊசிக்குப் பயந்து நடுங்கினவங்களைப் பார்த்திருக்கேன் டீச்சர். மயிலுக்கு நடுங்கறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்."

ராஜம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

டாக்ஸியில் ஜம்பு முன்னால், மற்ற மூவரும் பின்னால். அமலி வழிகாட்டியாக மாறிப் போனாள்.

"இதோ இந்தியா கேட். பக்கத்துல கல்லுக் குடை தெரியுதா? அதுக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார ராஜா நின்னாரு. ஆளைத் தூக்கிட்டாங்க. குடையை யாரும் கேக்கல. இந்த ஊர்ல ராஜாக்கள் நிலைமை இதுதான். வீடு நிக்கும், ஆள் இருக்க மாட்டாரு."

ராஜம் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வந்தாள். பத்து நாளாகப் பார்த்து முடித்த தெருக்களைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"வியாழக்கிழமை எங்கே போனீங்க?" ஜம்பு திரும்பாமலே கேட்டார். "வாக்குமூலத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லையே."

"எங்கேயும் இல்லை," என்றார் பாலசுப்ரமணியம். "மூணு பேருக்கும் அலுப்பு. நாள் முழுக்க வீட்டுலதான்."

"மூணு பேரும்?"

"மூணு பேரும்தான். வாசப்படி தாண்டலை."

"அச்சா," என்றார் ஜம்பு. டாக்ஸி தரியாகஞ்சுக்குள் திரும்பியது.

செங்கோட்டையின் லாகூர் வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. ராஜஸ்தான் முண்டாசுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேர்க்கடலைக்காரர்கள், பர்தாப் பெண்கள். பாலசுப்ரமணியம் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"நீங்க விருந்தாளி சார். உள்ளே போவது என் செலவு," என்று ஜம்பு அவர் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அமலி வாயைத் திறந்தாள். ஜம்பு அவள் காலை மிதித்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைத் தாண்டி ஆறு மாதிரி உள்ளே போனது. கூட்டத்தோடு நான்கு பேரும் போனார்கள்.

கூரை போட்ட கடைவீதி. தந்தப் பொம்மை, வெள்ளிக் கொலுசு, போலி முத்து. அதைத் தாண்டினால் ஒரு காலத்தில் முரசு கொட்டிய நகரா மண்டபம், பிறகு புல்வெளி, சிவப்புக் கல் தூண்களோடு பொது தர்பார். ஒரு காலத்தில் இங்கே ஒருவன் கையை அசைத்தால் இன்னொருவன் தலை உருண்டிருக்கும். இப்போது தூணுக்குத் தூண் காதலர்கள் பெயர் செதுக்கியிருந்தார்கள்.

"இடது பக்கம் என்ன இருக்கு?" என்று சும்மா கேட்டார் ஜம்பு.

"அங்கே ஒண்ணும் இல்லை. மிலிட்டரி பாரக்ஸ்தான்," என்றார் பாலசுப்ரமணியம்.

அமலி ஜம்புவைப் பார்த்தாள். ஜம்பு வானத்தைப் பார்த்தார்.

பளிங்கு மண்டபத்துக்கு வந்தார்கள். பாதுஷா தனியாக மந்திரிகளோடு உட்கார்ந்த இடம். கூரையில் மிச்சமிருந்த தங்கப் பூ வேலையில் வெயில் பட்டு மின்னியது. சுற்றிலும் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து வாயைப் பிளந்திருந்தார்கள். இரண்டே பேர் தரையைப் பார்த்து நின்றார்கள்.

"ஏன் சார், முதல் தடவை வர்றவங்களுக்குக் கழுத்து நிமிராதா?" என்று கிசுகிசுத்தாள் அமலி.

"நீ போய் உன் வேலையைப் பார்."

"என் வேலை என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"வாயடிக்கிறதுதான்."

அமலிக்கு அது போதும். பாலசுப்ரமணியத்தின் எதிரே போய் நின்றாள்.

"அங்கிள், வீட்ல இருந்து பார்க்கிறேன், கேமராவைத் தாயத்து மாதிரி தொங்க விட்டிருக்கீங்க. ஒரு படம்கூட எடுக்கல. என்னை ஒண்ணு எடுங்க. ஈப்போவுல நல்ல மாப்பிள்ளை இருந்தா காட்டலாம்."

"பிலிம் தீர்ந்து போச்சு."

"பரவால்ல, சும்மா கண்ணுல வெச்சுப் பாருங்க. போஸ் குடுத்து நாளாச்சு."

அவள் மண்டபத்தின் படிகளில் இறங்கி, ஆற்றுப் பக்கத்து மேடையின் ஓரம்வரை பின்னாலேயே நடந்தாள். யமுனை எப்போதோ விலகிப் போய்விட்டது. இப்போது கீழே, வெகு ஆழத்தில், வெறும் புல்தரை. ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர்தான் இருந்தது.

"முழு மண்டபமும் படத்துல விழணும்ல? இன்னும் ஒரு அடி பின்னால போகட்டுமா?"

"போகாதே! விசாலம், பின்னால போகாதே!"

கத்தியது ராஜம். அந்தக் கத்தலில் மண்டபத்துப் புறாக்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அமலி நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இதை யாரும் திட்டம் போடவில்லை.

"அவ பேரு அமலி, டீச்சர்," என்றார் ஜம்பு மெதுவாக. "உட்காருங்க."

ராஜம் பளிங்குப் படியில் உட்கார்ந்தாள். 

"அவளுக்கு மனசு சரியில்லை," என்றார் பாலசுப்ரமணியம் வேகமாக. "கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ போயிட்டா. என்னா பார்த்தாலும் அவ ஞாபகம். நாங்க கிளம்பறோம்."

"கிளம்பலாம். ஒரே ஒரு வரி பாக்கின்னு சொன்னேனே." ஜம்பு கோட்டுப் பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தார். விசாலாக்ஷியின் பயண நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மேலே 'வெள்ளி, செங்கோட்டை' என்று எழுதி, கீழே சோற்றுப் பருக்கையால் ஒட்டிய ஐம்பது பைசா நுழைவுச் சீட்டு. "இன்ஸ்பெக்டருக்கு இந்தச் சீட்டுதான் உயிர். இது இருக்கிறதாலதான், வெள்ளிக்கிழமை அந்தம்மாவைப் பார்க்கவே இல்லைன்னு சுப்பு சொன்னது பொய்னு முடிவு பண்ணினார். சரி சார், இன்னைக்கு நாம நாலு பேர் உள்ளே வந்தோம். டிக்கெட் யார் வாங்கினது?"

"நீங்கதான். உங்க செலவுன்னு சொன்னீங்களே லா."

"ஆமாம், என் செலவு. எவ்வளவு ஆச்சு அமலி?"

"ஒரு பைசா இல்ல சார். என் கால் கட்டைவிரல் ஒண்ணுதான் போச்சு."

பாலசுப்ரமணியத்துக்குப் புரியவில்லை. ராஜத்துக்குப் புரிந்தது. டீச்சர் அல்லவா?

"இன்னைக்குக் கிழமை என்ன?" என்றார் ஜம்பு. "வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் கோட்டைக்குள்ளே போக யாருக்கும் டிக்கெட் கிடையாது. குதுப் மினாருக்கும் கிடையாது. ஜன்னலையே திறக்க மாட்டாங்க. டில்லியில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். ஈப்போவிலிருந்து வந்தவங்களுக்குத் தெரிய நியாயமில்லை. வாங்க முடியாத டிக்கெட்டை அந்தம்மா எப்படி சார் வாங்கினாங்க?"

பாலசுப்ரமணியம் உதட்டை நனைத்துக்கொண்டார். "அப்போ... முதல் நாள் தனியா வந்திருப்பா."

"முதல் நாள் வியாழன். மூணு பேரும் வாசப்படி தாண்டலைன்னு ஒரு மணி நேரம் முன்னால் சொன்னது நீங்க. நேற்று இந்தச் சீட்டின் நம்பரை டிக்கெட் ஜன்னலில் காட்டினேன். வியாழக்கிழமை காலையில் கிழித்த புத்தகம் என்கிறார்கள். வியாழக்கிழமை சுப்பு எங்கே இருந்தான் தெரியுமா? காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை, சூப்பரிண்டெண்ட் மூக்குக்குக் கீழே, டைப் அடித்துக்கொண்டிருந்தான்."

"அதனால?"

"அதனால, இங்கே வந்தது மூணு பேர். அதனாலதான் பாரக்ஸ் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் கூரையைப் பார்க்க உங்களுக்கு ஆசை இல்லை. காலையில் கோட்டை, சாயங்காலம் குதுப் மினார். அதுக்குப் பின்னால் ஒரு கிணறு. அங்கே யாரோ ஒருத்தர் கேமராவை வெச்சுக்கிட்டு, இன்னும் ஒரு அடி பின்னால போன்னு சொல்லியிருக்கார்."

"சொல்லாதே!" என்றார் பாலசுப்ரமணியம். ஜம்புவைப் பார்த்து அல்ல.

ராஜம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"தள்ளலை," என்றாள். "சத்தியமா யாரும் தள்ளலை. கிணத்து வளைவு முழுசா படத்துல விழணும்னு இவர் சொன்னாரு. அவ சிரிச்சிக்கிட்டே பின்னால போனா. அப்புறம் அங்கே அவ இல்லை. இருட்டப் போற நேரம். எட்டிப் பார்த்தா ஒண்ணும் தெரியலை."

"போலீசைக் கூப்பிடலையே?"

"கூப்பிடலாம்னுதான் ஓடினேன். இவர் கையைப் புடிச்சிட்டாரு. செத்துட்டா, இனிமே என்னா செய்ய முடியும்னாரு. ஊரு நம்ம ஊரு இல்லை, நாம மூணு பேர் மட்டும்தான் இருந்தோம், பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்குவான், கொலைன்னு சொல்லுவான்னாரு. மறுநாள் பள்ளிக்கூட விழாவுல எல்லாரும் விசாலம் எங்கேன்னு கேட்டாங்க. சுப்பு கூட்டிட்டுப் போயிருக்கான்னு வாயில வந்துடுச்சு. அம்பது பேர் முன்னால சொன்னதை எப்படி மாத்துறது? சீட்டு மூணும் என் பையில இருந்தது. ராத்திரி ஒண்ணை எடுத்து ஒட்டி, மேலே வெள்ளின்னு நானே எழுதினேன்."

"அந்தப் பையனைத் தூக்குல போடுவாங்கன்னு தெரியுமா டீச்சர்?" அமலி கேட்டாள். அவள் குரலில் குறும்பு இல்லை.

"விட்டுடுவாங்கன்னு இவர் சொன்னாரு."

"எல்லாம் இவர்தான் சொன்னாரா?" என்றார் ஜம்பு. "நீங்க ஒண்ணும் கேட்கலையா? கிணத்துலேருந்து ஏதாவது?"

ராஜம் தலையைத் தூக்கினாள்.  பாலசுப்ரமணியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூப்பிட்டா," என்றாள் கடைசியில். "பாதி தூரம் நடந்து வந்துட்டோம். அப்போ கூப்பிட்டா. ரெண்டு தடவை. இவர் மயிலுன்னாரு. அந்தக் காட்டுல மயிலு நிறைய. எனக்கும் அது மயிலா இருக்கணும்னு இருந்தது."

காற்றில் ஒரு காகிதப் பொட்டலம் உருண்டு போனது. அமலி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"அவங்க காலுக்கு அவங்களே கட்டுப் போட்டிருந்தாங்க டீச்சர். ரெண்டு குச்சி வெச்சு. யார் சொல்லிக் குடுத்தது?"

"பள்ளிக்கூடத்துல முதலுதவி கிளாஸ் அவதான் எடுப்பா." சொல்லி முடித்த பிறகுதான் ராஜத்துக்கு அந்தப் பதிலின் அர்த்தம் உறைத்தது. "எவ்வளவு நேரம்?" என்றாள். "எவ்வளவு நேரம் இருந்தா?"

அமலி ஜம்புவைப் பார்த்தாள். ஜம்பு தலையை அசைத்தார். சொல்லத்தான் வேண்டும்.

"விடியக்காலை வரைக்கும். குளிர்தான் கொன்னுதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். ஸ்வெட்டர்கூட இல்ல அவங்க மேல."

"டாக்டர் நேரம் போடாமல் வெள்ளிக்கிழமை என்று மட்டும் எழுதினதாலதான் இன்ஸ்பெக்டரும் உங்க வாக்குமூலத்தை நம்பினார்," என்றார் ஜம்பு. "பொய்யாத்தான் எழுதினீங்க டீச்சர். ஆனால் அவங்க செத்தது வெள்ளிக்கிழமைதான்."

ராஜம் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு தூண் தள்ளி, மஃப்ளரால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகி வைத்துவிட்டு எழுந்து வந்தார். இன்ஸ்பெக்டர் சௌத்ரி. அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் கால் மணி நேரமாக நாலு முகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இப்போ சொன்னதை இவர்கிட்டே இங்கிலீஷில் சொல்லுங்க," என்றார் ஜம்பு.

"ராஜம்!" என்றார் பாலசுப்ரமணியம்.

அவள் எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு தடவைகூட நிறுத்தாமல் சொன்னாள். கிணற்றிலிருந்து வந்த குரலையும் விடவில்லை. சௌத்ரி கையை நீட்டினார். பாலசுப்ரமணியம் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். உள்ளே பிலிம் இருந்தது. எட்டு நாளாக அதை எடுத்து எறியவும் அவருக்குத் தைரியம் வரவில்லை, கழுவவும் வரவில்லை.

மணி இரண்டரை. வாசலில் ஜீப் நின்றது. சுப்புவை ஐந்து மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக சௌத்ரி ஜம்புவிடம் இந்தியில் சொன்னார். பிறகு, டிக்கெட் விஷயம் தனக்கே தோன்றாமல் போனதற்கு யாரையோ திட்டிக்கொண்டே போனார். டில்லிக்காரர்கள் எவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு செங்கோட்டைக்குப் போவதில்லை. விருந்தாளிகளை அனுப்பி வைப்பதோடு சரி.

"ருக்மிணி மாமிக்கு யார் சார் போன் பண்றது?"

"நீ பண்ணு. எனக்கு அழுகை கேட்டால் ஆகாது."

அமலி நகரவில்லை. "ஒரு சந்தேகம். சீட்டைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா? வெள்ளிக்கிழமை ஃப்ரீன்னு எனக்கும்தான் தெரியும். எனக்கு ஏன் தோணல?"

"எனக்கும் தோணலை. அந்தம்மாதான் சொன்னாங்க." ஜம்பு நோட்டில் ஒரு பக்கம் முன்னால் தள்ளிக் கொடுத்தார். "புதன்கிழமை எழுதினது. இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். போக நினைச்சதெல்லாம் போனதாகுமான்னு கேட்டார். அதனாலதான் இவ்வளவு தூரம் நடக்க வேண்டியதாச்சு. பக்கத்துப் பக்கத்தில் சீட்டு ஒட்டின கை, இந்தப் பக்கத்தைப் படிச்சுப் பார்க்கலை."

"எனக்குத் தமிழ் படிக்கக் குடுத்தா பொழுது சாஞ்சிடும்."

"சாயட்டும். இன்னைக்கு நேரம் இருக்கு."

அமலி பளிங்குப் படியில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"புதன். சுப்பு வந்து போனான். வெள்ளிக்கிழமை போனால் கோட்டைக்குக் காசு இல்லையாம். லீவு போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன் என்றான். நல்ல பிள்ளை. ராஜத்துக்குத்தான் பொறுமை இல்லை. நாளைக்கே கோட்டை, சாயங்காலம் குதுப் என்கிறாள். வெள்ளிக்கிழமை பையனுக்காக இன்னொரு தடவை போனால் போகிறது..."

அவள் விரல் கடைசி வரியில் நின்றது. அதைப் படிக்க அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆனது.

"ராஜம் சொன்னால் எனக்குச் சரி."

அமலி பக்கத்தைத் திருப்பினாள். அடுத்தது வெள்ளி. வியாழக்கிழமைக்குப் பக்கமே இல்லை.